டயரின் கூட்டு எண்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள். அவர்களுடைய வாத்தியார் ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டு, அது போய் மறைந்த பிறகுதான் ரோட்டில் ஏறுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். மின்னல் வெட்டினால் டிவி வயரோடு டேபிள் ஃபேன் வயரையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று என் மனைவி சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியே தேய்ந்துவிட்டது.

இப்படிப்பட்டவன் வீட்டில்தான் அந்தக் கார் நின்றது.

கார் என்னுடையதல்ல, என் மச்சினனுடையது. மனைவியின் தம்பி, வளைகுடாவில் வேலை. அங்கே முதலாளிமார்களின் கார்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, சென்னையில் ஒருவரிடமிருந்து முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி அன்னவாசலில் எங்கள் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து விட்டான். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து ஒரு மாசம் ஓட்டுவான். மிச்ச நாளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். ஷெட்டுக்குள் முழுசாக அடங்காது. பின்பக்கம் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தெருவில் எல்லோரும் அதைப் 'படகு' என்றுதான் சொல்வார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவது என் பொறுப்பு. அதற்கே எனக்கு வேர்த்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டில் பள்ளம் இருப்பதே தெரியாது. அதனால்தான் எல்லாம் வந்தது. மதுரையில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும்.

"வாடகை வண்டி தூக்கித் தூக்கிப் போடும்ங்க. நம்ம தம்பி கார்ல நோகாம கூட்டியாந்துருவோம்" என்றாள் மனைவி.

மச்சினனும் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டான். "தாராளமா எடுங்க மச்சான். ஆனா டயரை மாத்தாம எடுக்காதீங்க. கெடந்து கெடந்து கல்லா இறுகியிருக்கும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் சைஸ் ஒட்டியிருக்கான். அதே சைஸு, நாலும் புதுசாப் போட்டுருங்க."

குனிந்து பார்த்தேன். கோடையில் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி டயர்களின் பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பு. மாற்றத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. பெட்ரோல் மூடியைத் திறந்தேன். 195/65 R15 என்று மங்கலாக அச்சடித்திருந்தது. செல்போனில் தேடி அர்த்தம் தெரிந்துகொண்டேன். டயரின் அகலம் நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். அந்த அகலத்தில் அறுபத்தைந்து சதவீதம், ரிம்முக்கு மேல் டயரின் உயரம். பதினைந்து என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. அதோடு விட்டிருக்கலாம்.

நான் கூட்டினேன். ஒன்று, ஒன்பது, ஐந்து, ஆறு, ஐந்து. இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு.

எட்டு எனக்கு ஆகாத எண். கணக்கு வாத்தியாருக்கு இது வெட்கம்தான், தெரியும். ஆனால் எங்களுக்கு முதலில் உண்டான பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அன்று காலைவரை அசைந்த பிள்ளை. மத்தியானம் என் மனைவி அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "என்னமோ கம்முனு இருக்குங்க" என்றாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஏன் என்று கேட்டேன். சில நேரம் இப்படி ஆகும் என்றார்கள். காரணம் இல்லை என்பதைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. எட்டாம் மாதம், அறை எண் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. இருட்டில் கைக்கு ஏதோ அகப்பட்டது, பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கண்ணில் படுகிற எந்த எண்ணையும் கூட்டாமல் விட்டதில்லை. பஸ் டிக்கெட், போன் நம்பர், ஸ்கூட்டர் நம்பர். கூட்டு எண் எட்டு வந்தால் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

நிறைமாதக் கர்ப்பிணியை, அதுவும் என் மகளை, நாலு பக்கமும் எட்டு உருளும் காரில் ஏற்றுவதா? ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த ரிம்மில் ஏறக்கூடிய மற்ற அளவுகளை வரிசையாக எழுதினேன். 205/65 கண்ணில் பட்டது. கூட்டினால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது. அப்பாடா என்று இருந்தது. பிறகு வாத்தியார் மூளையும் வேலை செய்தது. பழைய டயரைவிடக் குறுக்களவில் பதின்மூன்று மில்லிமீட்டர் கூடுதல். அதாவது மேல்பக்கம் ஆறரை மில்லிமீட்டர், ஒரு பென்சில் கனம். அகலத்தில் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர். மீட்டர் முள் எண்பது காட்டினால் உண்மையில் எண்பத்தொன்றரை ஓடும். நான் அறுபதைத் தாண்டப்போவதில்லை. ஒரு பென்சில் கனத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புதுக்கோட்டையில் டயர் கடை வைத்திருந்தவர் என் வயதுக்காரர், நிதானமான மனிதர். காரைச் சுற்றி வந்து, பழைய டயரில் அளவைப் படித்தார்.

"நல்லவேளை சார், கம்பெனி சைஸே ஸ்டாக் இருக்கு. நேத்துத்தான் வந்துச்சு."

"எரநூத்தஞ்சு போட்டுருங்க" என்றேன்.

"அது பெரிய வண்டிக்குப் போடுறது சார். இதுக்கு எதுக்கு?"

"நம்ம ரோட்டுக்குக் கொஞ்சம் ஒசரமா இருந்தா நல்லதுங்க." வாய் கூசாமல் வந்தது. பொய் சொல்லும்போது எனக்குப் பயமே இருப்பதில்லை. அதை அன்றுதான் கவனித்தேன்.

அவர் செல்போன் டார்ச்சை அடித்து, டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். முன்னால் மூன்று விரல் போனது. பின்னால் ரெண்டுகூட முழுசாகப் போகவில்லை.

"ஸ்பிரிங் வயசாகி உக்காந்துருக்கு சார். போடச் சொன்னாப் போடுறேன். ஆனா வெளியூரு போறதுக்கு முன்னாடி நாலு ஆளை ஏத்தி, ஒரு பள்ளத்துல எறக்கிப் பாருங்க. உரசுற சத்தம் கேட்டா அங்கிட்டு இங்கிட்டுப் போகாம நேரா இங்க கொண்டாங்க. மாத்தித் தாரேன்."

தெளிவாகச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாலு ஆளுக்கு நான் எங்கே போவேன்? மனைவியைக் கூப்பிட்டேன்; வளைகாப்புக்குக் கொண்டுபோக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியோடு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்கள். கம்பெனி அளவு இருக்க வேறு ஏன் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து தனியாகவே சித்தன்னவாசல் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். வழியில் இருந்த பள்ளம் ஒன்றையும் விடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். சூடம் காட்டினேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன், கடைக்காரர் சொன்ன ஒன்றைத் தவிர.

மதுரைக்குப் போகும்போது காரில் நானும் மனைவியும் மட்டும்தான். சொந்தக்காரர்கள், சீர்த் தட்டுகள், கட்டுச்சோறு எல்லாம் வேனில். கார் பட்டுப்போலப் போனது. வளைகாப்பு நன்றாக நடந்தது. ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி என் மகள் நடந்து வந்ததைப் பார்க்கும்போது சந்தோஷம் வரவில்லை எனக்கு, பயம்தான் வந்தது. இவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் வீடு சேர்க்க வேண்டுமே என்பதுதான் அன்று முழுக்க என் ஒரே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று நான்தான் எல்லோரையும் விரட்டினேன். வேன் முன்பே போய்விட்டிருந்தது. பின் சீட்டில் மகள், மனைவி, கூடவே வருகிறேன் என்று ஏறிக்கொண்ட மனைவியின் அக்கா. மூன்று பேரும் சதைப்பிடிப்பானவர்கள், இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள். டிக்கியில் மகளின் ரெண்டு பெட்டி, தலையணைகள், சம்பந்தி வீட்டில் கொடுத்த ஒரு வாழைத்தார், அரைச் சாக்குத் தேங்காய். டிக்கியை அழுத்தி மூடியபோது காரின் பின்பக்கம் கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன்.

துவரங்குறிச்சி வரை ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலை வழவழவென்று கிடந்தது. மகள் தூங்கிவிட்டாள். அவள் அசையும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டது. அது கேட்கும்வரை எனக்குக் கொஞ்சம் தைரியம்.

அதற்கப்புறம் ஒரு பாலம். பாலமும் ரோடும் சேரும் இடத்தில் கார் லேசாக இறங்கி எழுந்தது. பின்னால் 'கர்ர்' என்று ஒரு சத்தம்.

பக்கத்தில் போன லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கவில்லை, நினைக்கப் பார்த்தேன். கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பாலத்தில் மறுபடியும் கர்ர். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நிறுத்தலாம் என்றால் ஓரத்தில் இடமில்லை, பின்னால் அசுர வேகத்தில் பஸ்கள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. விராலிமலை வருவதற்குள் ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"என்னங்க, தீயிற வாடை அடிக்குது" என்றாள் மனைவி.

"வெளியில குப்பைய எரிக்கிறாய்ங்க போல."

"இல்ல தம்பி, ரப்பர் தீயுது. வண்டிக்கு உள்ளதான்" என்றார் அவள் அக்கா.

மகள் விழித்துக்கொண்டாள். "அப்பா, ஓரமா நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

கொடும்பாளூர் விலக்கில் ஒரு பஞ்சர் கடை தெரிந்தது. ஊர்ந்து போய் அதன் முன்னால் நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இடதுபக்கப் பின் டயரிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் சாவகாசமாக வந்து குனிந்தவர், நிமிரும்போது சாவகாசமாக இல்லை. டயரின் வெளி விளிம்பு ஒரு சுற்று முழுக்கச் சீவப்பட்டு, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. மட்கார்டின் தகடு அரிவாள்மணை மாதிரி அதைச் சீவியிருந்தது.

"இன்னும் அஞ்சு கிலோமீட்டர் தாண்டியிருக்காதுங்க. வெடிச்சிருக்கும். அங்கிட்டு இருக்குறதும் உரசியிருக்கு, ஆனா இந்தளவுக்கு இல்ல. வாயும் வயிறுமா புள்ளைய வச்சிக்கிட்டு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, "யாருங்க இந்த சைஸைப் போடச் சொன்னது?" என்றார்.

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"டயர் கடையில" என்றேன்.

புதுக்கோட்டையில் விரலை விட்டுப் பார்த்து எனக்கு நல்லது சொன்ன மனிதரை நடுரோட்டில் வைத்துக் காட்டிக்கொடுத்தேன். மனைவி அந்த முகம் தெரியாதவரைத் திட்ட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.

ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைக் காலி செய்தோம். வாழைத்தார், தேங்காய், பெட்டிகள் எல்லாம் ரோட்டோரம். ஸ்டெப்னி பழைய டயர், கம்பெனி அளவு. கடைக்காரர் அதை உருட்டி வந்து, கழற்றிய டயருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். என் மகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ரெண்டு டயரின் முன்னாலும் நின்றாள். இதன் அளவைப் படித்தாள், அதன் அளவைப் படித்தாள். அவள் உதடு அசைந்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். மனக்கணக்கு போடும்போது உதட்டை அசைக்கக்கூடாது என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் கடைசிவரை கேட்கவில்லை.

"அம்மா, அந்தக் கடைக்காரரைத் திட்டாத" என்றாள். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், "எட்டு வந்துச்சாப்பா?" என்றாள்.

தேங்காய்ச் சாக்கின் வாயைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவள் ஹால் டிக்கெட் எண்ணைக் கூட்டிவிட்டு நான் ஜுரம் வந்து படுத்ததை அவள் மறந்திருக்கமாட்டாள்.

"கூட்டுனதுதான் கூட்டுனீங்க, ரிம்மை ஏன்ப்பா விட்டீங்க? R15ன்னு இருக்குல்ல. அந்த ஒண்ணையும் அஞ்சையும் சேத்துப் பாருங்க."

நின்ற இடத்திலேயே கூட்டினேன். இருபத்தாறு. இருபத்தேழு. முப்பத்திரெண்டு. மூன்றும் ரெண்டும் ஐந்து. ஐந்து நல்ல எண். என் மூடநம்பிக்கையின்படியே பார்த்தாலும் கம்பெனி போட்ட டயர் நல்ல டயர். ரிம்மைத்தான் மாற்றப்போவதில்லையே என்று நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, அந்த விடையை நம்பி இவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் திட்டவில்லை. வாழைத்தாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் முதல் பிள்ளையை அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் ஸ்டெப்னியைப் பூட்டி முடித்துவிட்டு வந்தார். "சாமானை வேற வண்டில போட்டுட்டு, ஒருத்தரை மட்டும் முன்னாடி உக்கார வச்சு மெதுவாப் போனா வீடு சேந்துரலாம்ங்க" என்றார்.

முன் கதவைத் திறந்து பிடித்தேன். "நீ முன்னாடி உக்காருத்தா. இருபதுக்கு மேல போக மாட்டேன். அம்மாவும் பெரியம்மாவும் வேற வண்டில வரட்டும். அப்பா பாத்து ஓட்டுறேன்."

அவள் நகரவில்லை.

"வேணாம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு."

இருபத்தேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. கண்மாயில் பையன்களுக்கு முன்னால் குதித்தவள். மாட்டுத்தாவணி நெரிசலில் ஸ்கூட்டி ஓட்டி வேலைக்குப் போகிறவள். ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று சொன்னபோதுகூட எனக்குப் போன் செய்து, 'நீங்க பயந்துக்கிராதீங்கப்பா' என்று எனக்குத் தைரியம் சொன்னவள். அவளுடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நானே பட்டுவிட்டேன், இனி அவளுக்கு மிச்சமில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப்போல யாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் அன்று மகள் சொன்னது, பேத்தியைக் கையில் வாங்கியபோதும் எனக்குக் கேட்டது.

கடைக்காரர் போன் செய்து விராலிமலையிலிருந்து ஒரு வாடகைக் காரை வரவழைத்தார். மூன்று பேரும் ஏறினார்கள். பெட்டி, தலையணை, வாழைத்தார், தேங்காய் எல்லாம் அதிலேயே ஏறியது. வாடகைக் கார் தூக்கிப் போடும் என்று என் மனைவி அன்று சொல்லவில்லை. அந்த டிரைவரின் வண்டி எண்ணைப் பார்த்தேன். பழக்கத்தில் கூட்ட ஆரம்பித்து, பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர்கள் முன்னால் போனார்கள். நான் படகை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இலுப்பூர் தாண்டி மழையில் அரித்த பெரிய பள்ளம் ஒன்று. முன்னால் போன கார் அதில் இறங்கிக் குலுங்கி ஏறும்வரை நான் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் இறக்கினேன். காது ரெண்டையும் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டேன். டயர் எங்கேயும் உரசவில்லை. பின் சீட்டில் யாரும் இல்லை.